சிபாப் வந்த பிறகும் மாத்திரை எதற்கு? ஸ்லீப் அப்னியா உள்ளவரின் ரத்தக் குழாய் மருந்துகளைக் கவனித்துக்கொள்ளும் முறை

என் வீட்டுக்காரருக்கு ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். அதற்காக, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மருந்து எடுக்கப் போகும் நாள் நெருங்கியதால், வழக்கம்போல மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினேன். பிபி மாத்திரைகளில் அம்லோடிபின் 8 இருக்க வேண்டிய இடத்தில் 29 இருந்தது. லோசார்ட்டானும் அப்படியே. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இப்பதான் நல்லாத் தூங்குறேனே. காலையில தலைவலி இல்ல, வண்டி ஓட்டும்போது கண்ணு சொக்குறதில்ல. இன்னும் எதுக்கு அது?" என்றார். உட்கார வைத்து பிபி பார்த்தேன். 168க்கு 102.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 26 ஆண்டுகள் அரசாங்க கிளினிக்கின் மருந்து கவுண்டரில் நின்றவள் நான். இதே கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உடம்பு லேசானால் நோய் போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ரத்தக் குழாய்க்கு வலி தெரியாது. அது கெட்டுக்கொண்டிருக்கும்போது உடம்பு லேசாகவும் இருக்கலாம்.

நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் இருக்கிறோம். அவர் பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். வயது 57. இந்தக் குறிப்புகளை அவரை வைத்துத்தான் எழுதுகிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. அந்த மருந்தை வீட்டில் சரியாக நடத்துவது எப்படி என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இரவில் என்ன நடக்கிறது

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி அடைத்துக்கொள்கிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு முறை என்று கணக்கில் சேர்ப்பார்கள். முழுவதும் நிற்காமல் பாதி அடைபட்டாலும் சேர்ப்பதுண்டு. மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. என் வீட்டுக்காரருக்கு 42. அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை. அந்த இரவில் அவருடைய ரத்த ஆக்சிஜன் 74 விழுக்காடு வரை இறங்கியிருந்தது.

ஒவ்வொரு தடவை மூச்சு நிற்கும்போதும் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறுகிறது, அட்ரினலின் பாய்கிறது, மூச்சு திரும்பும் நொடியில் ரத்த அழுத்தம் குப்பென்று ஏறுகிறது. மற்றவர்களுக்குத் தூக்கத்தில் பிபி கொஞ்சம் இறங்கும். ரத்தக் குழாய்க்கு ஓய்வு கிடைப்பது அப்போதுதான். இவர்களுக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. குழாயின் உட்புறம் ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம் இருக்கிறது. குழாயை விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்குவது அந்தப் படலம்தான். ஆக்சிஜன் ஏறி இறங்கி ஏறி இறங்கி அது நைந்துபோகிறது. விரியும் தன்மை குறைகிறது, அழற்சி வருகிறது, கொழுப்பு வந்து ஒட்ட இடம் கிடைக்கிறது. இது வருடக்கணக்கில் நடக்கும் காரியம். மெஷின் போட்ட ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடாது.

சிபாப் தொண்டையைத் திறந்து வைக்கிறது. அதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். அது வந்த பிறகுதான் நானும் தூங்குகிறேன். ஆனால் பிபியை அது குறைக்கும் அளவு சராசரியாக 2, 3 புள்ளிதான். பிபி மிக அதிகமாக இருப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையலாம். ஒழுங்காகப் போடும் ஒரு மாத்திரை அதைவிட அதிகம் குறைக்கும். 2016இல் சேவ் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரை வைத்துப் பார்த்தார்கள். இந்தியாவிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். சிபாப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்த எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் மெஷினைப் போட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான். மெஷினை இரவு முழுக்கப் போட வேண்டும், மாத்திரையையும் விடக்கூடாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொண்டேன்.

இன்னொன்று. தூக்கப் பரிசோதனைக்கு அவர் ஏழு மாதம் காத்திருந்தார். உங்களுக்கும் அப்படிக் காத்திருக்க நேரலாம். அந்த மாதங்களில் ரத்தக் குழாயைக் காப்பாற்றுவது மாத்திரை ஒன்றுதான்.

முதலில் காலைக் கணக்கு

மருந்தைப் பற்றிப் பேசும் முன் ஒரு பிபி மெஷின் வாங்குங்கள். மேல் கையில் சுற்றுவதாக இருக்கட்டும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை பருத்தவருக்குப் பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும். சிறிய பட்டை போட்டால் பிபி பொய்யாக ஏறிக் காட்டும். ஸ்லீப் அப்னியா உள்ளவர்கள் பலர் பருத்த உடம்புக்காரர்கள் என்பதால் இந்தத் தவறு இவர்களுக்குத்தான் அதிகம் நடக்கிறது. எங்கள் வீட்டிலேயே முதல் இரண்டு வாரம் நான் எழுதியதெல்லாம் சின்னப் பட்டையின் கணக்கு. எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, கோப்பி குடிக்கும் முன், மாத்திரை போடும் முன், நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். இரவும் அதேபோல இரண்டு. ஏழு நாள் இப்படி எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு, மற்ற ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135க்கு 85க்கு மேல் இருந்தால் அது உயர்ந்த பிபி. கிளினிக்கில் சொல்லும் 140க்கு 90 வேறு. வீட்டுக் கணக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வைக்கப்படுகிறது.

இரவையும் காலையையும் பிரித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் கிளினிக்கில் பார்த்தால் 138, நல்லபடியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். அதே ஆளுக்கு விடிகாலையில் 160 இருக்கும். ஸ்லீப் அப்னியாவின் கெடுதல் நடப்பது இரவில், அதன் தடயம் காலையில்தான் தெரியும். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் 24 மணி நேர பிபி மெஷினைக் கட்டி அனுப்பினால் தயங்காமல் கட்டிக்கொள்ளுங்கள். தூங்கும்போதும் அது அவ்வப்போது அழுத்திப் பார்க்கும், கொஞ்சம் தொந்தரவுதான். ஆனால் இரவில் பிபி இறங்குகிறதா இல்லையா என்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

பிபி மருந்துகள்

அவருக்கு முதலில் பெரிண்டோபிரில் கொடுத்தார்கள். நல்ல மருந்துதான். ஆனால் அந்த வகை மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். அவருக்கு வந்தது. இரவெல்லாம் லொக்கு லொக்கென்று இருமினால் சிபாப் முகமூடியை எப்படி மூக்கில் வைப்பது? ஒரு வாரம் மெஷின் சும்மா கிடந்தது. சளி என்று நினைத்து அவர் இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தார். மருந்து தொடங்கியதும் சளியே இல்லாமல் தொண்டை அரிப்பாக இருமல் வந்தால், அதை அப்படியே சொல்லிக் கேளுங்கள். லோசார்ட்டான் வகைக்கு மாற்றுவார்கள். இருமல் அடங்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். நாக்கோ உதடோ வீங்கினால் அது வேறு விஷயம், நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்த இரண்டு வகையும் சிறுநீரகத்தோடும் பொட்டாசியத்தோடும் தொடர்புடையவை. தொடங்கிய சில வாரங்களுக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டா என்று நீங்களே கேளுங்கள். கர்ப்பிணிகள் இவற்றைப் போடவே கூடாது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு ஸ்லீப் அப்னியா இருந்து இந்த மருந்து எழுதப்பட்டால், அதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

அம்லோடிபின் கால்களை வீங்க வைக்கும், 10 மில்லிகிராமில் அது அதிகம். லோரிக்காரர்களுக்கு ஏற்கெனவே கால் தொங்கி உட்கார்ந்து மாலைக்குள் பாதம் கனத்துவிடும். பகலெல்லாம் காலில் தேங்கும் நீர், படுத்ததும் மேலே ஏறிக் கழுத்துப் பக்கம் சேர்ந்து தொண்டையை இன்னும் நெருக்கும் என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் கால் வீக்கத்தை வயசாகிவிட்டது என்று விடாதீர்கள். சாக்ஸ் அச்சு எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்று மாலையில் பார்த்து எழுதி வைக்கலாம். அவருக்கு டாக்டர் 10ஐ 5 ஆக்கி, ஹைட்ரோகுளோரோதையஸைட் என்ற நீர் மாத்திரையைச் சேர்த்தார். அது காலையில்தான். இரவில் போட்டால் இரண்டு மூன்று தடவை எழ வேண்டியிருக்கும். ஸ்லீப் அப்னியாவே இரவில் சிறுநீரை அடிக்கடி வரவைக்கும். அதோடு இதையும் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு தடவை எழும்போதும் முகமூடியைக் கழற்றுகிறார்கள், திரும்ப மாட்டாமலே தூங்கிவிடுவார்கள்.

மற்ற பிபி மாத்திரைகளைக் காலையில் போடுவதா, இரவில் போடுவதா? கவுண்டரில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இரவில் பிபி ஏறும் நோய்க்கு இரவில்தான் போட வேண்டும் என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. 2022இல் பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து முடித்த டைம் என்ற ஆய்வில், காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் வந்த கணக்கில் வேறுபாடு இல்லை. அது பொதுவான பிபிக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு. ஆகவே டாக்டர் குறிப்பாக நேரம் சொல்லாதவரை, மறக்காத நேரம்தான் நல்ல நேரம். அவருக்கு அது காலை ஐந்தேகால், லோரிச் சாவியை எடுக்கும் நேரம்.

மூன்று மருந்தும் போட்டு, அதில் ஒன்று நீர் மாத்திரையாகவும் இருந்து, பிபி இன்னும் இறங்கவில்லை என்றால் அதற்கு அடங்காத பிபி என்று பெயர். அப்படிப்பட்டவர்களில் ஸ்லீப் அப்னியா மிகச் சாதாரணம். உங்கள் வீட்டில் யாருக்காவது மூன்று மருந்தாலும் பிபி அடங்காமல், குறட்டையும் இருந்தால், தூக்கப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். நான்காவது மருந்தாக ஸ்பைரனோலாக்டோன் சேர்ப்பார்கள். இந்த நோயில் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோன் பலருக்கு அதிகம். அந்த ஹார்மோனைத் தடுப்பது இந்த மருந்து. அவருக்கு 25 மில்லிகிராம் சேர்த்த பிறகுதான் காலைக் கணக்கு 140க்குக் கீழே வந்தது.

இதில் ஆண்களுக்கு ஒரு தொல்லை உண்டு, வெளிப்படையாகவே சொல்கிறேன். மார்புக் காம்பு வலிக்கலாம், மார்பு கொஞ்சம் பெருக்கலாம். அவர் வெட்கப்பட்டு இரண்டு மாதம் சொல்லவே இல்லை. சட்டை உரசும்போது முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து நான்தான் கேட்டேன். மாற்று மருந்து இருக்கிறது, சொன்னால் பார்ப்பார்கள். சொல்லாமல் தானே நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம்.

லோசார்ட்டானும் ஸ்பைரனோலாக்டோனும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும். கூடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். இங்கேதான் நம் சமையலறையைப் பார்க்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் போட்டிருக்கிறார்கள். நல்லதென்று நினைத்து என் மகள் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். பின்பக்கம் படித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கொடுக்கவில்லை, அவர்களும் பிபிக்காரர்கள். இந்த மருந்து போடுகிறவர்கள் தினமும் இளநீர் குடிப்பதையும் விட வேண்டும்; வெயிலில் ஓட்டிவிட்டு வழியில் நிறுத்தி இரண்டு இளநீர் குடிப்பது இவருக்குப் பழக்கமாக இருந்தது. உப்பைக் குறைப்பதற்கு உப்பைக் குறைப்பதுதான் வழி. கருவாடு, ஊறுகாய், பெலாச்சான், கிச்சாப், நாசி கண்டார் குழம்பை நாலு கரண்டி கேட்டு ஊற்றுவது, இவற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கொழுப்பு மாத்திரை

இதைப் பற்றித்தான் அதிக வதந்தி. 2023இல் மலேசியாவில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 33.3 விழுக்காட்டினருக்குக் கொழுப்பு அதிகம், 29.2 விழுக்காட்டினருக்கு பிபி. மூன்றில் ஒருவருக்குத் தேவைப்படும் மருந்தைப் பற்றி "கிட்னி போயிடும்" என்ற ஒரு வார்த்தையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, நிறுத்த வைத்துவிடுகிறார்கள். ஸ்டேட்டின் எனப்படும் இந்தக் கொழுப்பு மாத்திரைகள், கொழுப்பைக் கல்லீரல் உண்டாக்குவதைக் குறைக்கின்றன. முதல் ஸ்டேட்டினை 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகளில் இவை மாரடைப்பைக் குறைப்பது உறுதியாகியிருக்கிறது.

ஸ்லீப் அப்னியாவுக்கென்று தனியாக இது வேலை செய்யுமா? இதில் நேர்மையாக இருக்க வேண்டும். 2016இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, நோயாளிகளின் ரத்தக் குழாய்ச் செல்களை எடுத்துப் பார்த்தது. செல்லின் மேல்பரப்பில் காவல் நிற்க வேண்டிய சிடி59 என்ற புரதம், ஸ்லீப் அப்னியா உள்ளவர்களிடம் செல்லுக்குள்ளே போய்விட்டிருந்தது. காவல் இல்லாததால் உடம்பின் சொந்த எதிர்ப்பு சக்தியே அந்தச் செல்லைத் தாக்கியது. ஸ்டேட்டின் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் அந்தப் புரதம் மேலேயே இருந்தது. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பிரான்சில் 2014இல் வெளிவந்த ஒரு சிறிய சோதனையில், கடுமையான ஸ்லீப் அப்னியா உள்ளவர்களுக்கு அட்டோர்வாஸ்டேட்டின் 40 மில்லிகிராம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தபோது, குழாய் விரியும் திறன் வெற்று மாத்திரையைவிடக் கூடவில்லை. கொழுப்பு குறைந்தது, பிபியும் கொஞ்சம் இறங்கியது. எனவே குறட்டை விடுகிறார் என்பதற்காக மட்டும் யாரும் ஸ்டேட்டின் கேட்டு வாங்க வேண்டியதில்லை. நீரிழிவு, கூடிய எல்டிஎல் (கெட்ட கொழுப்பு), ஏற்கெனவே வந்த இதய நோய், இப்படி ஒரு காரணத்துக்காக டாக்டர் எழுதியிருந்தால், ஸ்லீப் அப்னியா இருக்கிறது என்பது அதை விடாமல் போடுவதற்கு இன்னொரு காரணம்.

அவருக்கு நீரிழிவும் உண்டு. எல்டிஎல் மில்லிமோல் கணக்கில் 4.1 இருந்தது, 1.8க்குக் கீழே கொண்டுவரச் சொன்னார்கள். முதலில் சிம்வாஸ்டேட்டின் 40 எழுதியிருந்தது. அம்லோடிபினோடு சேரும்போது சிம்வாஸ்டேட்டின் 20க்கு மேல் போகக்கூடாது, தசை பாதிக்கும். இரண்டும் வேறு வேறு இடத்தில் எழுதப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. எனக்குப் பழக்கம், உடனே கண்ணில் பட்டது. அட்டோர்வாஸ்டேட்டினுக்கு மாற்றினார்கள். உங்கள் வீட்டு மாத்திரை அட்டைகளிலும் இந்த இரண்டு பெயர் சேர்ந்து இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருந்தால் நிறுத்த வேண்டாம், ஃபார்மசிஸ்ட்டிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிம்வாஸ்டேட்டின் இரவில் போடுவது, அட்டோர்வாஸ்டேட்டினை எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

தொடையும் தோளும் காரணமில்லாமல் வலித்தால் சொல்ல வேண்டும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனை. ஈப்போ பக்கம் போய்வந்தால் எல்லாரும் தம்புன் லிமாவ் பாலி (பம்பளிமாஸ் பழம்) வாங்கி வருவார்கள். அது கிரேப்ஃப்ரூட்டின் உறவு. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, சிம்வாஸ்டேட்டினை ரத்தத்தில் ஏற்றிவிடும் பொருள் அதிலும் இருக்கிறது. அட்டோர்வாஸ்டேட்டினில் இது குறைவாக நடக்கும். ரோசுவாஸ்டேட்டின், பிரவாஸ்டேட்டின் போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மருந்துக் கடைகளில் விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையை ஸ்டேட்டினோடு சேர்க்காதீர்கள். அதில் இருப்பதும் ஸ்டேட்டின்தான், லோவாஸ்டேட்டின் என்ற அதே பொருள். இரட்டை மருந்து ஆகிவிடும்.

ஆஸ்பிரினைப் பற்றி ஒரே வரி: இதய நோயோ பக்கவாதமோ வராதவர் தானாகத் தொடங்கக் கூடாது.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். டிர்ஸெபடைட் என்ற ஊசியை, பருமனும் நடுத்தரம் அல்லது கடுமையான ஸ்லீப் அப்னியாவும் உள்ளவர்களுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது. 52 வார ஆய்வில் மூச்சு நிற்கும் எண்ணிக்கை மணிக்கு 25 முதல் 29 வரை குறைந்தது, பிபியும் இறங்கியது. விலை அதிகம், எல்லாருக்கும் பொருந்தாது. டாக்டர் வழியாக மட்டுமே போங்கள், ஆன்லைனில் பாதி விலைக்கு வருவதைத் தொடாதீர்கள்.

கூடவே போடக் கூடாதவை

முட்டி வலிக்கு பொன்ஸ்டான், டைக்ளோஃபெனாக், புரூஃபென் என்று வாங்கிப் போடுவது நம் ஆட்களிடம் சர்வ சாதாரணம். இவை பிபியை ஏற்றும். லோசார்ட்டான், நீர் மாத்திரை இரண்டும் போடுபவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் மூன்று பக்கமும் அடி வாங்கும். இப்படியும் கிட்னி கெடும், பழியோ கொழுப்பு மாத்திரை மேல். வலிக்குப் பாரசிட்டமோல் போதும்.

மூக்கடைப்புக்கு சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரை பிபியை ஏற்றும். மூக்கு அடைத்தால் சிபாப் போட முடியாது என்பது உண்மைதான். அதற்கு உப்பு நீர் ஸ்பிரே, டாக்டர் எழுதும் ஸ்டீராய்டு ஸ்பிரே இருக்கின்றன. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்கம் வரவைக்கும் பிரிட்டோன் போன்ற மாத்திரை, படுக்கும் முன் பீர், இவை தொண்டையைத் தளர்த்தியோ மூச்சை மந்தமாக்கியோ மெஷின் செய்த வேலையைக் கெடுத்துவிடும். எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும் "எனக்கு ஸ்லீப் அப்னியா" என்று முதலில் சொல்ல அவரைப் பழக்கியிருக்கிறேன்.

அப்புறம், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் கேப்சூல்கள். ஒரு முறை இவருடைய நண்பர் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். வெளியில் மால் என்ற பதிவு எண்ணும் இல்லை, ஃபார்மாடேக் என்ற பாதுகாப்பு ஒட்டும் இல்லை. மலேசியாவில் பதிவான மருந்து என்றால் இரண்டும் இருக்க வேண்டும். எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். அந்தப் பாட்டிலை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தினசரி நடத்துவது

வாரத்துக்கு ஏழு அறை உள்ள டப்பாவில் ஞாயிறு இரவு நிரப்புகிறேன். முன்பெல்லாம் அவர் மாத்திரை அட்டைகளை லோரியிலேயே வைத்திருந்தார். பெரும்பாலான மாத்திரைகளை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். மதியம் நிறுத்திய லோரியின் டேஷ்போர்டு அதைவிட எவ்வளவோ சூடாகும். இப்போது இரண்டு நாள் வெளியூர் ஓட்டம் என்றால் அந்த இரண்டு நாள் மருந்து மட்டும் சாப்பாட்டுப் பையில் போகும். சிபாப் மெஷினும் கூடவே போகும், கேபினில் படுத்தாலும் போட வேண்டும் என்பதற்காக.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். தைப்பூச விரதமோ நோன்போ இருப்பவர்கள் ஒரு வாரம் முன்பே ஃபார்மசிஸ்ட்டிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் குடிக்காமல் நீர் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறினால் தலை சுற்றி விழ நேரும்.

மருந்து தீர்ந்துபோய் விட்டுப்போவதும் பெரிய பிரச்சினை. அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டினால் மருந்தும் அதிலேயே அடங்கிவிடுகிறது, ஆனால் மாதா மாதம் போய் எடுக்க வேண்டும். வேலைக்குப் பக்கத்தில் உள்ள வேறு அரசாங்க கிளினிக்கில் எடுத்துக்கொள்ள ஸ்பப் என்ற ஏற்பாடு இருக்கிறது. தபாலில் அனுப்புவதும் பல இடங்களில் உண்டு. கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள், கேட்காதவருக்குத் தெரிவதில்லை.

கிளினிக்குக்குப் போகும் நாளில் நோட்டுப் புத்தகம், எல்லா மாத்திரை அட்டைகளும், சிபாப் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு, மூன்றையும் கொண்டுபோங்கள். நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக ஓடிய இரவுகளை நான் நோட்டில் சிவப்பில் வட்டமிடுவேன். பெரும்பாலும் அதற்கு அடுத்த காலையில்தான் பிபி கூடியிருக்கும். கேட்க வேண்டியவை: காலைச் சராசரிக்கு இந்த அளவு போதுமா, சிறுநீரகமும் பொட்டாசியமும் கடைசியாக எப்போது பார்த்தது, எல்டிஎல் எவ்வளவு. எடை குறைந்து, மெஷினும் ஒழுங்காக ஓடினால் பிபி இறங்கும். எழும்போது கண் இருட்டினால், 110க்குக் கீழே அடிக்கடி வந்தால், அதையும் சொல்லுங்கள். மருந்தைக் குறைக்கும் நாளும் வரலாம், ஆனால் அது டாக்டர் கையால் வர வேண்டும். மாறாக 180க்கு 120ஐத் தாண்டி, நெஞ்சு வலியோ, வாய் கோணலோ, கை கால் மரத்துப்போவதோ, மூச்சுத் திணறலோ இருந்தால் நோட்டுப் புத்தகத்தைத் தேட வேண்டாம், 999க்கு அழையுங்கள்.

நோயைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடுமோ என்று லோரிக்காரர்கள் பயப்படுகிறார்கள். இவரும் பயந்தார், அதனால்தான் கண் சொக்குவதை இரண்டு வருடம் மறைத்தார். அந்த இரண்டு வருடமும் பினாங்குப் பாலத்தில் அவர் கண்டெய்னரோடு போய் வந்திருக்கிறார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் வீட்டில் ஓட்டுநர் இருந்தால் இதைப் பக்குவமாக, ஆனால் சீக்கிரமாகப் பேசுங்கள்.

கடைசியாக, ஒரு சின்னத் தாள். அதில் நோயின் பெயர், போடும் மருந்துகளும் அளவும், போடக் கூடாத வலி மாத்திரைகள், ஒவ்வாத பெரிண்டோபிரில், சிபாப் அழுத்த அளவு, என் கைபேசி எண் எல்லாம் தமிழிலும் மலாயிலும் எழுதி, அவருடைய ஐசிக்கு (அடையாள அட்டைக்கு) பின்னால் மடித்து வைத்திருக்கிறேன். மருந்து மாறும்போதெல்லாம் புதிதாக எழுதி, தேதி போட்டு, பழையதைக் கிழித்துவிடுவேன். இப்போது இருப்பது ஆறாவது தாள்.